ஒட்டுப்போட்ட குரல்கள்

டாக்டர் ஹெப்சிபாவை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் அவளைத் திட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் இசக்கியம்மாள்தான். பேட்டிக்கு வருகிறேன் என்று மூன்று முறை நாள் சொல்லி மூன்று முறையும் வராமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? முதல் முறை டெல்லி. இரண்டாவது முறை மந்திரி. மூன்றாவது முறைக்குக் காரணமே சொல்லவில்லை. பெரிய ஆளாகிவிட்டால் சிநேகிதிக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை போலிருக்கிறது என்று ஒலிப்பதிவு அறையின் சுவரிடம் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அந்த அறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் பொருநை மருத்துவப் பல்கலைக்கழகத்தில், உடற்கூறு கூடத்துக்குப் பக்கத்தில் உடைந்த ஸ்டூல்களைப் போட்டுவைத்திருந்த அறை அது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் வருஷ மாணவியாக இருந்த ஹெப்சிபா முதல்வரிடம் மல்லுக்கட்டி அதை வாங்கினாள். ஒலிப்பதிவில் டிப்ளமோ முடித்துவிட்டுத் தற்காலிக வேலைக்கு வந்திருந்த இசக்கியம்மாள், விடுதியில் கழித்துப்போட்ட மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து எதிரொலியை அடக்கினாள். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும். அதை நிறுத்திவிட்டு, சடலம் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் வாடையில் வேர்த்து விறுவிறுத்துப்போய் முதல் பேட்டிகளை எடுத்தார்கள். இப்போது குளிர்சாதனம் வந்துவிட்டது, சத்தம் போடாத கதவு வந்துவிட்டது. ஆனாலும் அந்த வேர்வை நாட்களை நினைத்தால் இசக்கியம்மாளுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த பாட்காஸ்ட்டுக்குப் பெயர் 'எந்த மேஜை?' பழைய மாணவர் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். முதல் வருஷத்தில் சடலத்தை அறுத்துப் படித்தது எத்தனையாம் மேஜையில், கூட நின்றவர்கள் யார் யார்? டாக்டர்களுக்குக் கல்யாண நாள் மறந்தாலும் மறக்கும், அது மறக்காது. "ஏழாம் மேஜை" என்று ஆரம்பித்துவிட்டால் போதும். லண்டனில் இருதயம் அறுக்கிறவரும், களக்காட்டில் நாற்பது வருஷம் பிரசவம் பார்த்த அம்மாவும் ஒரே மாதிரி பதினெட்டு வயசுக்குப் போய்விடுவார்கள். தண்ணீராக ஓடிய விடுதிச் சாம்பார், டார்ச் வெளிச்சத்தில் பார்த்த முதல் பிரசவம், கண்ணெதிரே செத்துப்போன முதல் நோயாளி என்று எல்லாம் வரிசையாக வரும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆளைக் கூப்பிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது வழக்கம். இடையில் அவர்கள் என்ன ஆனார்கள், எதைக் கண்டுபிடித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதெல்லாம் அதில் தானாக வந்துவிடும். இப்படித் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேட்டிகள் சேர்ந்திருந்தன.

அவற்றிலிருந்துதான் 'செவி' பிறந்தது. நரம்பியல் மருத்துவரான ஹெப்சிபாவுக்கு ஒருநாள் பொறி தட்டியது. ஒரே ஆள் பத்துப் பத்து வருஷ இடைவெளியில் ஒரே கேள்விக்குப் பேசிய குரல் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? பேசியவர்களில் பலருக்குப் பிற்பாடு மறதி நோய் வந்திருந்தது. யார் யாருக்கு என்ற விவரம் பழைய மாணவர் சங்கத்தில் இருந்தது. எல்லாக் குரல்களையும் கணினிக்குள் ஊட்டி, நோய் வருவதற்கு முன்னாலேயே குரலில் என்ன தெரிகிறது என்று நீயே கண்டுபிடி என்று விட்டாள். அது கண்டுபிடித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி.

ஒருவர் பத்து நிமிஷம் போனில் பேசினால் போதும். பத்து வருஷம் கழித்து வரப்போகிற மறதியைச் 'செவி' இன்றைக்கே சொல்லிவிடும். பச்சைச் சீட்டு வந்தால் நிம்மதி. சிவப்புச் சீட்டு வந்தால் உடனே மருந்து, அதுவும் முன்கூட்டி ஏற்றினால் மட்டும் கேட்கிற மருந்து. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தாலும் நோய் தெரியும்தான். கோடிப் பேருக்கு அதைச் செய்ய முடியாதே என்றுதான் 'செவி' வந்தது. அது வந்த பிறகு ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்னும் பதினோரு நாளில் மாநிலம் முழுக்க நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அது கட்டாயமாகப் போகிறது.

அதைப் பற்றிய சிறப்புப் பேட்டிக்குத்தான் ஹெப்சிபா வராமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று அவளுடைய ஆய்வகம் சோதனை ஓட்டத்தில் முகாமிலும் போனிலும் பேசிய இருபது பேரின் குரல்களை அனுப்பியிருந்தது. பத்து பச்சை, பத்து சிவப்பு. எது எது என்று பார்க்காமலே கேட்டுச் சொல்லிப் பார்ப்போமே என்று இசக்கியம்மாளுக்கு ஆசை வந்தது. இத்தனை வருஷம் குரலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தத் திமிர்கூட இருக்கக் கூடாதா?

ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேட்டாள். மூன்றாவது குரல், மலை எஸ்டேட்டுக்கு பஸ் ஓட்டும் சுடலைமுத்து. பஸ் நிலையத்திலிருந்து மலை உச்சிவரை நாற்பத்து மூன்று நிறுத்தங்களையும், எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பதோடு சேர்த்து, மளமளவென்று ஒப்பித்தார். மலையிலிருந்து போனில் பேசியதில் சிக்னல் சரியில்லாமல் குரல்தான் அங்கங்கே அறுந்து அறுந்து வந்தது. பச்சை என்று எழுதினாள். எட்டாவது குரல் ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர் அம்மா. நல்ல மைக், நல்ல அறை. "அப்பல்லாம் தீபாவளின்னா மூட்டை மூட்டையா வரும். கவர்ல இது ஒட்டுவோமே... அந்த... முத்திரை குத்துவமே, அது மேல..." என்று ஸ்டாம்ப் என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டே போனார். சிவப்பு என்று எழுதினாள் இசக்கியம்மாள், மனசு கஷ்டமாக இருந்தது.

விடையைத் திறந்து பார்த்தாள். போஸ்ட் மாஸ்டர் அம்மா பச்சை. சுடலைமுத்து சிவப்பு. இருபதில் பதினாறு அவளுக்குத் தப்பு.

காது போய்விட்டது, வயசாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். குரலைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் கேட்கவேண்டும் என்ற சாக்கில் சுடலைமுத்துவுக்கு போன் போட்டாள்.

"தாராளமா போட்டுக்கோங்கம்மா," என்றார் அவர். "இப்ப என்னைய வண்டிய விட்டு எறக்கிட்டாவ. டெப்போவுல சும்மா ஒக்காந்திருக்கேன். மாசத்துக்கு ஒருக்க மருந்து ஏத்துதாவ. ஏத்துனா மூணு நாளு வாந்தி."

"வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா அண்ணாச்சி?"

"எங்க நல்லாருக்கது? பிள்ளைக்கு நிச்சயம் பண்ணியிருந்தோம். அப்பனுக்குச் சிவப்புச் சீட்டு, நாளைக்குப் பிள்ளைக்கும் வருமேன்னு மாப்பிள வீட்ல வேண்டாம்னுட்டாவ. முதுகுல நீர எடுத்தாவது பாருங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். மெஷினே சொல்லிட்டுது, அது எதுக்குங்காவ." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, நீங்க கேட்டியள்லா? நான் ஒரு ஸ்டாப்பும் விடலியே. எதுல தப்புப் பண்ணுனேன்?"

"திரும்பக் கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் இசக்கியம்மாள். போனை வைத்துவிட்டு அவருடைய குரலைத் திரும்பக் கேட்டாள். வார்த்தைகளை விட்டுவிட்டு அறுந்த இடங்களை மட்டும் கேட்டாள். வார்த்தை முடிந்து மூச்சு இழுக்கப் போகும்போது அது பட்டென்று நின்று அடுத்த வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவளுடைய கைவேலை.

பேட்டிக்கு வருகிறவர்கள் தடுமாறினால் அதை வெட்டிவிட்டு ஒட்டுவது அவளுடைய வழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் செய்ததுதான். பேச்சிமுத்து டாக்டரை அவள் மறக்கவே மாட்டாள். இரண்டாவது தடவை வந்தபோது, ஐந்தாம் மேஜையில் தன்கூட நின்ற பெண்ணின் பெயரைப் பதினான்கு நொடி தேடினார். அந்தப் பெண் அவருடைய மனைவிதான். அவ்வளவு பெரிய மனுஷர், ஊர் கேட்டால் என்ன நினைக்கும் என்று பதினான்கு நொடியையும் வெட்டி எறிந்தாள். அதே மாதிரி இன்னும் ஐம்பது அறுபது இடம். பேட்டி வெளியானதும் அவர் போன் செய்து, "நான் இவ்ளோ நல்லாவா பேசினேன்? ரொம்ப சந்தோஷம்மா" என்றார். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. நான்கு வருஷம் கழித்து அவருக்கு மனைவியையே தெரியாமல் போனது.

செவி படித்ததெல்லாம் அவள் கையால் ஒட்டிய பேட்டிகளைத்தான். வேறு எதுவும் மிச்சமில்லை. டிஸ்க் கொள்ளாது என்று வெட்டாத பதிவுகளை மாதாமாதம் அழித்துவிடுவார்கள்.

மைக்கைத் திறந்து அவளே பத்து நிமிஷம் பேசினாள். அப்பாவின் சைக்கிள் கடை, மெத்தை ஆணியடித்த கதை, வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். அதை அப்படியே செவிக்குப் போட்டாள். பச்சை. பிறகு அதே பேச்சில் எந்தக் காரணமும் இல்லாமல் ஐம்பது இடத்தில் வெட்டி ஒட்டினாள். திரும்பப் போட்டாள். சிவப்பு. மின்விசிறியை நிறுத்திவைத்த அந்தக் காலத்தைவிட அதிகமாக வேர்த்தது.

ஹெப்சிபாவின் அறை மேல்மாடியில் இருந்தது. மேஜை முழுக்கப் பூங்கொத்து. இசக்கியம்மாளைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள்.

"என்னட்டி, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? பேட்டிக்கு வரலன்னு சண்டை போட வந்தியா?"

"சண்டைய அப்புறம் வச்சுக்கிடுவோம். ஹெப்சி, ஒம் மெஷின் கொரலக் கேக்கல. என் வெட்டக் கேக்குது."

ஹெப்சிபாவுக்குப் புரியவில்லை. இசக்கியம்மாள் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல எதிரே இருந்த முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது.

"நீ இருமல் தும்மல்தான வெட்டுவ?"

"தடுமாறுத ஆளுன்னா பேட்டிக்கு அறுவது எழுவது வெட்டு இருக்கும். தடுமாறாத ஆளுன்னா நாலோ அஞ்சோ."

"முப்பத்து மூணு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே!"

"வெட்டுனது தெரியாம வெட்டுததுதான் என் வேலை. தெரிஞ்சா நான் என்ன வேலைக்காரி? நீயும் கேக்கல."

"யாருமே கேக்கல." ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒட்டுன எடத்துல மூச்சு பாதியில நிக்கும். ஒன்னத் தவிர யாரு காதுக்கும் கேக்காது, அதுக்குக் கேக்கும். எந்தக் கொரல்ல அது நெறைய இருக்கோ அவங்களுக்குப் பின்னால நோய் வந்திருக்கு. அதப் பிடிச்சுக்கிடுச்சு. மலையில சிக்னல் அறுந்தா அதுவும் அதே மாதிரி..." சட்டென்று நிமிர்ந்தாள். "ஒன் பதிவு ரெண்டையும் கொண்டா."

இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். பச்சை, சிவப்பு. ஹெப்சிபா இன்னொரு பச்சைக் குரலை எடுத்துக் கொடுத்து வெட்டச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் சிவப்பு. பிறகு ஜன்னலருகில் போய் நின்றாள்.

"இருவது வருஷ உழைப்பு, இசக்கி."

"தெரியும்."

"ஒரு ஆறு மாசம் கொடு. ஓசப்படாம சரி பண்ணிடுதேன். இப்ப நிறுத்துன்னா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

இசக்கியம்மாளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. "ஆறு மாசத்துல எத்தன பிள்ளைக்குக் கல்யாணம் நிக்கும்? அதாவது பரவால்ல. பச்சச் சீட்ட வாங்கிக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறாகளே, அவிய கதி என்ன? அந்த போஸ்ட் மாஸ்டரம்மாவ இன்னைக்குக் கூப்பிட்டு மருந்து கொடுத்தாத் தப்பிச்சுக்கிடும். ஆறு மாசம் கழிச்சுன்னா? நீதான சொல்லுவ, முந்திக் கண்டாத்தான் கேக்கும்னு."

ஹெப்சிபா திரும்பியபோது கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் வேறு ஏதோ இருந்தது.

"ஒண்ணு யோசிச்சியாட்டி? தொண்ணூத்தாறு சரின்னு வந்துச்சே, அது பொய்யில்ல. நீ நெறைய வெட்டுன ஆளுக்கெல்லாம் பின்னால வந்திருக்கு. ஸ்கேன்ல தெரியாதது, வீட்டு ஆளுக்குத் தெரியாதது, ஒனக்குக் கேட்டிருக்கு. நோயக் கண்டுபிடிச்சது மெஷின் இல்ல. நீ."

இதைக் கேட்டு இசக்கியம்மாள் பூரித்துப் போகவில்லை. பேச்சிமுத்து டாக்டரின் பதினான்கு நொடிதான் மனசுக்குள் ஓடியது. மறைப்பது மரியாதை என்று நினைத்து எத்தனை பேரின் நோயை அவள் கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள்! முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஹெப்சிபா அவளை அழவிட்டாள். அவளுக்கும் அழ வேண்டியிருந்தது.

"எந்திரி," என்றாள் கடைசியில். "நாலாவது தடவையாவது பேட்டிக்கு வாரேன். மந்திரிக்கு லெட்டர் போட்டா அலமாரியில வச்சிப் பூட்டிருவாங்க. நம்ம பாட்காஸ்ட்ல சொன்னா உலகம் முழுக்க நம்ம டாக்டருங்க கேப்பாங்க. அமுக்க முடியாது."

பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவு ஆரம்பித்தது. கேள்வி கேட்க வேறு யாரையும் கூப்பிடவில்லை, இசக்கியம்மாளே கேட்டாள்.

"டாக்டர் ஹெப்சிபா, எந்த மேஜை?"

"மூணாம் மேஜை," என்று சிரித்தாள் ஹெப்சிபா. "நானு, வேதமாணிக்கம், ரஹ்மத்நிஷா, அப்புறம்... ஒல்லியா ஒருத்தன், மதுரைக்காரன்... சரி, அவன் கோச்சுக்கிட மாட்டான்." முதல் நாள் கத்தியைப் பிடித்த கதையைச் சொன்னாள். மெத்தை அறையைச் சொன்னாள். பிறகு செவிக்கு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் இயந்திரம் தப்பு, தப்பு என்னுடையது, சிவப்புச் சீட்டு வாங்கியவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு முதுகு நீர் சோதனை கேட்டு வாங்குங்கள், பச்சைச் சீட்டை நம்பி யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள், இந்தத் திட்டத்தை நிறுத்தும்வரை நான் ஓயமாட்டேன் என்றாள். அவளைப் பெற்றவர்கள் இருந்து கேட்டிருந்தால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இசக்கியம்மாளுக்கு நிமிர்ந்தது.

நிமிர்ந்த அதே நேரத்தில் அவளுடைய இடது கை விசைப்பலகைக்குப் போயிருந்தது. பழக்கம். பேசும்போதே வெட்டவேண்டிய இடத்தில் குறி வைத்துக்கொண்டு போவாள். முதல் குறி அந்த மதுரைக்காரனில் விழுந்தது. அடுத்தது "முதுகுல நீர் எடுக்குமே... அந்த ஊசி" என்ற இடத்தில். அதற்கப்புறம் அவள் கையை எடுத்துவிட நினைத்தாள். கை கேட்கவில்லை.

பதிவு முடிந்தது. ஹெப்சிபா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, இசக்கியம்மாளின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

"எத்தன?"

"என்ன எத்தன?"

"வேற யாருகிட்ட வேணும்னாலும் மறை, எங்கிட்ட மறைக்காத. கண்ணாடி வழியாப் பாத்தேன், எத்தன எடத்துல கை போச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். காலமெல்லாம் அவள் செய்த வேலை அதுதானே? வந்தவர்களுக்கு வலிக்காமல் அனுப்புவது. இன்னும் ஒரே ஒரு வெட்டு, யாருக்கும் தெரியாது. இசக்கியம்மாள் திரையில் குறிகளை எண்ணினாள்.

"பத்தொம்பது."

"இருமல் தும்மல் போகவா?"

"போக."

ஹெப்சிபா ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். பிறகு கேட்டாள், "மொதமொதல்ல எடுத்தோமே, மெத்தை அறையில, அன்னைக்கு என் பேச்சுல எத்தன வெட்டுன?"

"அன்னைக்கு வெட்டவே இல்ல ஹெப்சி." இசக்கியம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீ மூச்சே விடாம பேசிக்கிட்டே போனட்டி. கேக்கவங்களுக்குப் புரியணுமேன்னு நாந்தான் நடு நடுவுல எடம் விட்டு ஒட்டுனேன். ஒன் பேச்சுக்கு மட்டுந்தான் நான் சேத்து ஒட்டியிருக்கேன்."

ஹெப்சிபா சத்தமாகச் சிரித்தாள். இருபது வயசில் சிரித்த மாதிரியே சிரித்தாள். சிரித்து முடித்ததும் இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"நாளைக்கு முதுகுல நீர் எடுத்துப் பாப்போம். இருந்தா இருக்கட்டும், முந்திக் கண்டாச்சுல்லா, மருந்து கேக்கும். நீ கூட வரணும். எனக்கு ஊசின்னா பயம்."

"வாரேன்."

"இப்ப இத வெளியிடு. ஒண்ணும் வெட்டாத."

"பத்தொம்பதும் அப்படியேவா? ஊரெல்லாம் கேக்கும்ட்டி."

"கேக்கட்டும். அடுத்த மெஷின மொதல்ல இருந்து செய்யணும்லா. அதுக்கு வெட்டாத கொரல் ஒண்ணுகூட இல்ல. மொதல் கொரலு என்னுதா இருக்கட்டும்."

இசக்கியம்மாள் பத்தொன்பது குறிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு, இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, பதிவை எடுத்தபடியே ஏற்றிவிட்டாள்.